வெளி ஹார்ட் டிஸ்க் லினக்ஸில் எழுத மறுக்கும்போது

திருப்பாதிரிப்புலியூரில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலைத் தொடங்குகிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டதால், ஸ்டுடியோவின் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவியிருக்கிறீர்கள். இப்போது மூன்று தொல்லைகள். திருமணப் படங்கள் நிறைந்த 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் திறக்கிறது. ஆனால் அதில் புதிதாக ஒரு கோப்பைக்கூட ஒட்ட முடியவில்லை. வாடிக்கையாளருக்குப் பென் டிரைவில் போட்டுக்கொடுத்த வீடியோ அவர்கள் வீட்டில் பாதியில் நின்றுவிடுகிறது. இன்னொரு பழைய ஹார்ட் டிஸ்க் செருகியும் திரையில் எதுவுமே தெரியவில்லை. ‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்று ஒருவர் சொன்னதாகவும், செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் எதுவும் அதைக் கேட்கவில்லை. ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களை மறுபடி எடுக்க முடியாது. உங்கள் ஹார்ட் டிஸ்க்குகளில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க நான் சொல்லப்போகும் சோதனைகள் அனைத்தும் வட்டில் உள்ளவற்றைத் தொடாமல் செய்யக்கூடியவை.

விண்டோஸில் பழகியவர்களுக்கு முதலில் இடறுவது, சி, டி, இ என்ற எழுத்துகள் இங்கே இல்லாததுதான். லினக்ஸில் எல்லாமே ஒரே மரத்தின் கிளைகள். அந்த மரத்தின் வேர் ஒரு சாய்கோடு. வெளியிலிருந்து வரும் வட்டு, அந்த மரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கோப்புறையின்மேல் பொருத்தப்படுகிறது. இதையே மவுண்ட் செய்தல் என்கிறார்கள். மின்ட், உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் அந்த இடம் ‘மீடியா’ என்ற கோப்புறைக்குள் உங்கள் பயனர் பெயரில் அமைகிறது. ஃபெடோராவில் அதே அமைப்பு ‘ரன்’ என்ற கோப்புறைக்குள் இருக்கும் ‘மீடியா’வில் அமைகிறது. ஒரு விநியோகத்துக்கு, அதாவது லினக்ஸின் ஒரு வகைக்கு, எழுதப்பட்ட குறிப்பைப் பார்த்து இன்னொன்றில் தேடி ஏமாறுகிறவர்கள் பலர் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

செருகியதும் வட்டு திறந்துவிடுவதால் அது ஒரே செயல் என்று தோன்றும். உண்மையில் நான்கு செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. மின்சாரமும் கம்பியும் சரியாக இருந்து, ஒரு யுஎஸ்பி சாதனம் வந்திருப்பதை லினக்ஸின் மையமான கெர்னல் அறிய வேண்டும். அந்தச் சாதனத்தில் எத்தனை பகுதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தக் கோப்பு முறையில், அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் எந்த ஒழுங்கில், எழுதப்பட்டிருக்கிறது என்பது புரிய வேண்டும். பிறகு அந்தப் பகுதி ஒரு கோப்புறையில் மவுண்ட் ஆக வேண்டும். கடைசியாக, அங்கே எழுதுவதற்கு உங்கள் பயனர் கணக்குக்கு உரிமை இருக்க வேண்டும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல் கரையணையாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கப்பல் தெரிந்தாலும், படகு போய் ஏற்றி வந்தால்தான் சரக்கு கைக்கு வரும். வட்டு கெர்னலுக்குத் தெரிவதும், அதிலுள்ள கோப்புகள் உங்களுக்குக் கிடைப்பதும் அப்படித்தான் தனித்தனியானவை. உங்கள் மூன்று தொல்லைகளும் வெவ்வேறு படியில் நிற்பவை. எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உள்ளன. மின்ட்டின் பட்டியலில் ‘டிஸ்க்ஸ்’ என்ற பயன்பாடு இருக்கிறது. அதைத் திறந்தால், இடப்பக்கம் கணினிக்குத் தெரிகிற வட்டுகள் அனைத்தும் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால் வலப்பக்கம் அதன் பகுதிகள், கோப்பு முறை, எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்ற விவரம் எல்லாம் தெரியும். தொடக்கத்தில் இதுவே போதும். கட்டளைகளை எழுதும் சாளரமான டெர்மினலில் தட்டிப் பார்க்கத் தயக்கம் இல்லையென்றால் எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபனும் எஃப் எழுத்தும் சேர்த்து என்டர் அழுத்துங்கள். அதே விவரம் நான்கைந்து வரிகளில் வந்துவிடும். இந்தக் கட்டளை பார்க்க மட்டுமே செய்யும். தவறுதலாகத் தட்டினாலும் எதுவும் அழியாது.

அந்தப் பட்டியலில் வரும் பெயர்களைப் பற்றி ஒரு சொல். முதலில் தெரிந்த வட்டுக்கு எஸ்டிஏ, அடுத்ததற்கு எஸ்டிபி, அதற்கடுத்ததற்கு எஸ்டிசி என்று கெர்னல் பெயரிடுகிறது. எஸ்டிபி-யின் முதல் பகுதி எஸ்டிபி1. கேமரா கார்டை மடிக்கணினியில் உள்ள துளையில் நேரே செருகினால் எம்எம்சிபிஎல்கே என்று தொடங்கும் பெயர் வரலாம். இந்தப் பெயர்கள் செருகும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடியவை. நேற்று எஸ்டிபி-யாக இருந்த பென் டிரைவ் இன்று எஸ்டிசி-யாக இருக்கலாம். அந்த இடத்தில் உங்கள் திருமண வட்டு இருக்கலாம். ஆகவே அழிக்கிற எந்தச் செயலுக்கும் முன்பு பெயரை நம்பாமல், கொள்ளளவையும் தயாரிப்பாளர் பெயரையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கொள்ளளவிலும் ஒரு குழப்பம் உண்டு. தயாரிப்பாளர் 2 டிபி என்று அச்சிடுவது 2 லட்சம் கோடி பைட்டுகளை. அந்தக் கட்டளையோ, ஹைஃபனும் எஃப் எழுத்தும் இல்லாமல் தட்டினால், 1,024-இன் மடங்குகளில் கணக்கிட்டு அதையே 1.8 என்று காட்டும். வட்டில் ஒன்றும் குறையவில்லை.

இனி உங்கள் முதல் தொல்லைக்கு வருகிறேன். வட்டு திறக்கிறது, படங்கள் தெரிகின்றன, எழுத மட்டும் மறுக்கிறது. இதே வட்டு ஆல்பம் வடிவமைப்பவரின் விண்டோஸ் மடிக்கணினிக்கும் போய் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற ஏற்பாடு உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை விரைவில் எழுவதற்காகத் தன் உள் நிலையில் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. அப்போது இணைந்திருக்கும், விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் போட்ட வட்டுகளின் கணக்கையும் அது மூடாமலேயே விட்டுவிடக்கூடும். இன்னொருவர் திறந்து வைத்திருக்கும் பேரேட்டில் நாம் வரி எழுதினால் இருவர் கணக்கும் கெடும் அல்லவா? அதனால்தான் லினக்ஸ் அந்த வட்டைப் படிக்க மட்டும் திறக்கிறது. சில பதிப்புகளில் மவுண்ட் செய்யவே மறுக்கிறது. இந்த மறுப்பு உங்கள் படங்களைக் காப்பதற்காகவே எழுதப்பட்ட நடத்தை. ‘எப்படியாவது எழுத வை’ என்று கட்டாயப்படுத்தும் கட்டளைகளை யாராவது சொன்னால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

சரியான மருந்து விண்டோஸ் பக்கத்தில் இருக்கிறது. ஆல்பம் வடிவமைப்பவரிடம் வட்டைக் கொண்டுபோய் அவருடைய மடிக்கணினியில் செருகச் சொல்லுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தலாம். அவர் அதை நிறுத்த விரும்பாவிட்டால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் அந்த ஒரு முறை முழுதாக அணையும். பிறகு வட்டின்மேல் வலச் சொடுக்கு செய்து, பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பகுதிக்குப் போய்ப் பிழை சோதனையை ஒருமுறை ஓட விடச் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் பணிப்பட்டியில் உள்ள குறியின் வழியாகப் பாதுகாப்பாகக் கழற்றி எடுத்து வந்தால், மின்ட்டில் அதே வட்டில் எழுத முடியும். விண்டோஸ் கணினி எதுவுமே கிடைக்காத நிலையில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற லினக்ஸ் கருவி இருக்கிறது. ஆனால் அது ஓரிரு அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்து, வட்டில் நடக்கும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் குறிப்பேட்டை வெறுமையாக்கி, அடுத்த முறை விண்டோஸ் முழுச் சோதனை செய்யும்படி குறி வைப்பதோடு நின்றுவிடும். முழுமையான பழுதுநீக்கம் என்று அதை எண்ணக்கூடாது. வேறு பிரதி இல்லாத வட்டில் அதை ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

கேமரா கார்டு எழுத மறுத்தால் மட்டும், மென்பொருளை ஆராய்வதற்கு முன்பு கார்டின் விளிம்பைப் பாருங்கள். எஸ்டி கார்டின் இடப்பக்கம் ஒரு சிறிய தள்ளு பூட்டு இருக்கும்; பையில் உரசி அது கீழே இறங்கியிருந்தால் பெரும்பாலான கணினிகளில் எழுத முடியாது. முத்தியால்பேட்டையில் ஒரு திருமண வீட்டில் அரை மணி நேரம் கட்டளைகளைத் தட்டிப் பார்த்த பிறகு, அந்தப் பூட்டைத் தள்ளியதும் எல்லாம் சரியானதை நானே கண்டிருக்கிறேன்.

இரண்டாவது தொல்லை, பாதியில் நிற்கும் வீடியோ. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் வாடிக்கையாளர் முன்னால் ஸ்டுடியோவின் பெயர் கெடுவது இந்த இடத்தில்தான்.

பெரும்பாலும் காரணம், எழுதி முடிவதற்கு முன்பே பென் டிரைவைப் பிடுங்கியதாக இருக்கும். கோப்பை நகலெடுக்கச் சொன்னதும் லினக்ஸ் அதை முதலில் கணினியின் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பென் டிரைவின் வேகத்துக்கு ஏற்பப் பின்னணியில் மெதுவாக எழுதுகிறது. 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் 1 ஜிபி வீடியோவை நகலெடுத்தால், முன்னேற்றப் பட்டை சில நொடிகளில் ஓடி முடிந்துவிடக்கூடும். உண்மையில் பென் டிரைவில் இறங்கியது அதில் ஒரு பங்காக மட்டுமே இருக்கும். பட்டை முடிந்ததை நம்பி எடுத்தால் மீதி நினைவகத்தோடு போயிற்று. எனவே கோப்பு மேலாளரின் இடப்பக்கம் பென் டிரைவின் பெயருக்கு அருகே உள்ள சிறு முக்கோணக் குறியை அழுத்துங்கள். கழற்றலாம் என்ற செய்தி வரும்வரை, அது இரண்டு நிமிடம் ஆனாலும், கையை வைக்காதீர்கள். டெர்மினலில் சிங்க் என்ற நான்கெழுத்துக் கட்டளையும், அதாவது எஸ், ஒய், என், சி, எழுதாமல் நிலுவையில் உள்ள அனைத்தையும் எழுதி முடித்த பிறகே திரும்பும். ஸ்டுடியோவில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வேறு எதைக் கற்றுக்கொடுக்க மறந்தாலும் இந்த ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்.

கழற்றச் சொல்லும்போது ‘வட்டு பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால், ஏதோ ஒரு நிரல் அதிலுள்ள கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். வீடியோ பிளேயர், படத்தொகுப்பு நிரல், அந்தக் கோப்புறைக்குள் திறந்து விட்டிருக்கும் டெர்மினல் ஆகியவற்றை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். டெர்மினலில் கழற்றும் கட்டளைக்கு யுமவுண்ட் என்று பெயர். ஆங்கிலத்தில் யு எழுத்துக்குப் பின் என் எழுத்து வராது, நேராக எம் எழுத்து வந்துவிடும். புதியவர்கள் பாதிப் பேர் அந்த எழுத்தைச் சேர்த்துத் தட்டிவிட்டு, கட்டளையே இல்லை என்று குழம்புவார்கள்.

அடுத்த காரணம் கோப்பின் அளவு. பழைய பென் டிரைவுகளும், 32 ஜிபி வரையிலான கார்டுகளும் எஃப்ஏடி32 என்ற முறையில் எழுதப்பட்டிருக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி-க்கு ஒரு பைட் குறைவாக, அதாவது 4,29,49,67,295 பைட்டுகளுக்கு மேல் போக முடியாது. பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தாலும் 5 ஜிபி திருமண வீடியோ அந்த எல்லையில் நின்றுவிடும். அது நகலெடுக்கும்போதே பிழைச் செய்தி தரும். செய்தியைக் கவனிக்காமல் மூடினால் அரைகுறைக் கோப்பு மிஞ்சலாம். மூன்றாவது காரணம் போலிப் பென் டிரைவ். 8 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 64 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் பென் டிரைவுகள் சந்தையில் உண்டு; மொத்தமாக வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற உங்களைப் போன்றவர்களைத்தான் அவை அதிகம் பாதிக்கின்றன. எஃப்3 என்ற சிறு கருவித்தொகுதியை மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் நிறுவிக்கொள்ளலாம். அது காலியான பென் டிரைவ் முழுவதையும் கோப்புகளால் நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று சரிபார்க்கிறது. புதிய கட்டு வாங்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒன்றையாவது இப்படிச் சோதித்துவிடுங்கள்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பென் டிரைவுக்கு எந்தக் கோப்பு முறை நல்லது என்று கேட்டால், எக்ஸ்ஃபேட் என்பதே என் பதில். அதில் 4 ஜிபி எல்லை இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் அதைப் படிக்கும், எழுதும். மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் இந்த முறையின் விவரக்குறிப்பைப் பொதுவில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் 5.4-இலேயே எக்ஸ்ஃபேட் இடம்பெற்றது. 2020-இல் வந்த 5.7-இல் சாம்சங் எழுதிய மேம்பட்ட டிரைவர் சேர்ந்தது. தனியாக ஒரு பொதியை நிறுவினால்தான் எக்ஸ்ஃபேட் வேலை செய்யும் என்று சொல்லும் குறிப்புகள் அதற்கு முந்தைய காலத்தவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது என்பதால், வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்போம் என்று வாடிக்கையாளர் சொன்னால், வீடியோவை 4 ஜிபி-க்குக் குறைவான துண்டுகளாக்கி எஃப்ஏடி32-இல் கொடுங்கள். எக்ஸ்ஃபேட்டிலும் எஃப்ஏடி32-இலும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் குறிப்பேடு கிடையாது. நடுவில் பிடுங்கினால் இழப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காலியான பென் டிரைவை இப்படி மாற்ற மின்ட்டிலேயே யுஎஸ்பி ஸ்டிக் ஃபார்மேட்டர் என்ற பயன்பாடு இருக்கிறது. அதைத் திறக்கும் முன் மற்ற எல்லா வெளி வட்டுகளையும் கழற்றி மேசைமேல் வைத்துவிடுங்கள். தவறான வட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை இல்லாமல் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஸ்டுடியோவிலேயே நிலையாக இருக்கப்போகிற, விண்டோஸுக்குப் போகாத வட்டுக்கு மட்டும் லினக்ஸின் சொந்த முறையான எக்ஸ்ட்4 பொருத்தமானது. அதில் குறிப்பேடு உண்டு. மின்சாரம் திடீரென்று போனாலும் மீள்வது எளிது. ஆனால் புதிதாக எக்ஸ்ட்4 போட்ட வட்டில் எழுதப் போனால் ‘அனுமதி இல்லை’ என்ற செய்தி வந்து திகைக்க வைக்கும். காரணம், புதிய வட்டின் முதல் கோப்புறை பெரும்பாலும் ரூட் என்ற நிர்வாகிக்குச் சொந்தமாகவே உருவாகிறது. கோப்பு மேலாளரில் அந்த வட்டுக்குள் வெற்றிடத்தில் வலச் சொடுக்கு செய்து, ரூட்டாகத் திறக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்து, பண்புகளில் அனுமதிகள் பகுதியில் உரிமையாளராக உங்கள் பயனர் பெயரை ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் வட்டுகளில் இந்தத் தொல்லை வராது. அவற்றில் உரிமையாளர் என்ற விவரமே எழுதப்படுவதில்லை, ஆகவே செருகிய பயனருக்கே எல்லாம் சொந்தம் என்று லினக்ஸ் வைத்துக்கொள்கிறது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலக் கையேடுகளில் இதைப் பார்ப்பது அரிது. மணமக்கள் பெயர், பெற்றோர் ஊர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்புறைப் பெயராக வைப்பது ஸ்டுடியோக்களின் வழக்கம். என்டிஎஃப்எஸ்ஸிலும் எக்ஸ்ஃபேட்டிலும் ஒரு பெயர் 255 குறிகள் வரை நீளலாம். எக்ஸ்ட்4-இலோ எல்லை 255 பைட்டுகள். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் (எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குறி) அங்கே 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. ‘க’ 3 பைட், ‘கொ’ 6 பைட், அழைப்பிதழ்களில் தவறாமல் வரும் ‘ஸ்ரீ’ ஒன்றே 12 பைட். ஆக, இடைவெளி எதுவும் இல்லாவிட்டால் 85 குறிகளோடு எல்லை முடிந்துவிடும். கண்ணால் எண்ணினால் அது சுமார் 50 எழுத்துகள்தான். பழைய வட்டிலிருந்து லினக்ஸ் வட்டுக்கு நகலெடுக்கும்போது சில கோப்புறைகள் மட்டும் ‘பெயர் மிக நீளம்’ என்று விடுபட்டால் காரணம் இதுவே. பெயரைச் சுருக்கினால் சரியாகிவிடும். எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி வைக்கலாம். எக்ஸ்ஃபேட்டும் எஃப்ஏடி32-உம் அதை ஏற்காது. ‘முகூர்த்தம் 9:00’ என்று பெயரிட்ட கோப்புறை பென் டிரைவுக்குப் போக மறுக்கும். எண்களுக்கு இடையே புள்ளி வையுங்கள். வட்டின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் 11-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. எஃப்ஏடி32-இல் அதற்கு இருப்பது 11 பைட் இடம்தான்.

நிலையான வட்டு ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அதே இடத்தில் மவுண்ட் ஆக வேண்டுமென்றால், டிஸ்க்ஸ் பயன்பாட்டில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, பற்சக்கரக் குறியில் மவுண்ட் விருப்பங்களைத் திருத்தும் இடத்துக்குச் செல்லுங்கள். நீங்கள் அங்கே நிரப்புவது எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரியாகப் பதிவாகும். அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். டிஸ்க்ஸ் தானாகவே அதைச் சேர்க்கும். கையால் எழுதுகிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஒரு கணக்கு அலுவலகத்தின் கணினியில் அந்தச் சொல் இல்லாமல் நான் எழுதி வைத்தேன். மறுநாள் வெளி வட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். கணினி வராத வட்டுக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு, கறுப்புத் திரையில் அவசர நிலைக்குப் போய் நின்றுவிட்டது. மாதக் கடைசி நாளில் அங்கிருந்தவர்கள் பட்ட பதற்றம் இன்னும் நினைவில் இருக்கிறது. எஸ்டிபி1 போன்ற பெயரை அந்தக் கோப்பில் எழுதாமல், மாறாத அடையாள எண்ணான யுயுஐடி-யை எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தொல்லை, தெரியவே தெரியாத பழைய வட்டு. இது முதல் படியிலேயே நின்றிருக்கிறது. ஆகவே முதலில் மென்பொருளை விட்டுவிட்டுக் கம்பியைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை தரும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3.0 தருவது 900. தனி மின்சாரம் இல்லாத வெளி ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார் சுழலத் தொடங்கும்போது பழைய துளையால் அதைத் தாங்க முடியாமல் போகலாம். கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு நீண்ட கம்பியின் வழியாகத்தான் பலகையை அடைகின்றன. பின்பக்கத் துளையில் நேரே செருகுங்கள், நடுவில் ஹப் வைக்காதீர்கள். வட்டோடு வந்த கம்பியை மாற்றி இன்னொன்றால் சோதியுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு அருகில் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்றால் யுஎஸ்பி முனைகள் பச்சை பூத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முனையில் அப்படி நிறம் மாறியிருந்தால் வட்டு நன்றாக இருந்தும் தெரியாமல் போகலாம்.

கம்பி மாற்றியும் தெரியவில்லையென்றால் கெர்னல் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். டெர்மினலில் சூடோ என்று எழுதி, அதாவது எஸ், யு, டி, ஓ, ஓர் இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்தும், மறுபடி இடைவெளி விட்டு ஹைஃபனும் டபிள்யு எழுத்தும் தட்டி, கடவுச்சொல் கொடுங்கள். பிறகு வட்டைச் செருகுங்கள். வட்டு உயிரோடு இருந்தால் அந்த நொடியே புதிய வரிகள் ஓடும். தயாரிப்பாளர் பெயர், கொள்ளளவு, எஸ்டிபி போன்ற பெயர் எல்லாம் வரும். ஒரு வரிகூட வரவில்லையென்றால் கோளாறு கம்பியிலோ மின்சாரத்திலோ வட்டின் மின்பலகையிலோ இருக்கிறது. பெயர் வந்து, அதைத் தொடர்ந்து ஐ/ஓ பிழை (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) என்ற வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் வட்டு சாகத் தொடங்கியிருக்கிறது. பெயர் வந்து உடனே துண்டிக்கப்பட்டதாகவும், மறுபடி வந்ததாகவும் மாறி மாறி ஓடினால் பெரும்பாலும் மின்சாரப் பற்றாக்குறை. பெயரும் பகுதியும் நன்றாக வந்து, திறக்கும்போது மட்டும் கடவுச்சொல் கேட்டால், விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கிறது. கடவுச்சொல் தெரிந்தால் புதிய மின்ட்டிலேயே திறக்கலாம்.

செருகியதும் உள்ளேயிருந்து டக், டக் என்று சீரான ஓசை கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். மறுபடி மறுபடி செருகிப் பார்ப்பது படிக்கும் முனையை உள்ளே சுழலும் தட்டின் மேற்பரப்பில் உரசவிட்டு, மீட்கக்கூடியதையும் அழித்துவிடலாம். அது தரவு மீட்பு நிலையத்துக்குரிய வேலை. ஓசை இல்லாமல் ஐ/ஓ பிழை மட்டும் வந்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவி உதவும். அது நல்ல பகுதிகளை முதலில் வேகமாக நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வருகிறது. ஆனால் அதற்கு அதே அளவோ பெரிதாகவோ இன்னொரு வட்டு வேண்டும். மூலம் எது, நகல் எது என்று மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போய்விடும். முதல்முறை செய்யும்போது பழக்கப்பட்ட ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கடுத்த நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. தரையோடு ஒட்டிய அலமாரியில் வைத்த வட்டுகள் சேற்றில் மூழ்கிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். நனைந்த வட்டைக் காயவைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்தவர்கள் அதையும் இழந்தார்கள். ஒரே வட்டில் மட்டும் இருக்கிற படங்கள் உங்களிடம் எவ்வளவு என்று தெரியவில்லை. எழுதும் தொல்லை தீர்ந்த அன்றே இரண்டாவது 2 டிபி வட்டு ஒன்றை வாங்கி, நகலெடுத்து, ஸ்டுடியோவில் வைக்காமல் மாடியிலோ வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலோ வைத்துவிடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டிய வரிசை இதுதான்: பெரிய வட்டை ஆல்பம் வடிவமைப்பவரிடம் கொண்டுபோய் விண்டோஸ் சோதனை, அது திரும்பியதும் நகல், அதன் பிறகே தெரியாமல் இருக்கும் பழைய வட்டு. அந்தப் பழைய வட்டைப் பின்பக்கத் துளையில், வேறு கம்பியால், மேலே சொன்ன கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது செருகி, புதிதாக ஓடும் வரிகளைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். செருகிய முதல் பத்து விநாடிகளில் வட்டு சுழலும் அதிர்வு கைக்குத் தெரிகிறதா என்பதையும் தொட்டுப் பார்த்து எழுதுங்கள்.